கரையும் மை

சின்னவளுக்குக் கோபம் வந்தால் கத்தத் தெரியாது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு. கத்தினால் கை நடுங்கும், கை நடுங்கினால் லென்ஸ் போச்சு. அதனால் வருகிற கோபத்தையெல்லாம் மென்று விழுங்கி வயிற்றுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வாள். வெளியே பார்க்கிறவர்கள் தங்கமான பெண் என்பார்கள். தங்கம் உள்ளுக்குள் என்னத்தைக் கறுவிக்கொண்டிருக்கிறது என்று யார் கண்டது?

அன்றைக்கு அவள் நூலகத்துக்குப் போனது படித்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான். கண்ணாடிக் கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாட்டர் கலர் பூ வாழ்த்தட்டைகள், கையால் செய்யக் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை காலை, மாடி அறை. வகுப்பை நடத்துபவர் என்ற இடத்தில் அவளுடைய ஓரகத்தி, பெரியவளின் பெயர், கொட்டை எழுத்தில். அதற்குக் கீழே ஓர் அட்டையின் புகைப்படம். ஐந்து இதழ்ப் பூ, பக்கத்தில் இரண்டு மொட்டு, அடியில் சாய்ந்த இலைக் கொத்து. பூவின் ஓர் இதழ் ஓரத்தில் சின்னதாக ஒரு கீறல் இருந்தது. பிளேடு வழுக்கி விழுந்த கீறல். வழுக்கிய பிளேடு சின்னவளுடையது. அன்றைக்கு வெட்டுப்பட்ட கட்டைவிரலும் சின்னவளுடையதுதான்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்குகிற பெரிய அழிரப்பரை எடுத்து, அதில் பூவும் இலையும் செதுக்கி, தானே அச்சு செய்வாள் சின்னவள். அதைக் கறுப்பு மையில் ஒற்றி, தடித்த தாளில் பதித்து, உள்ளே வாட்டர் கலர் தீட்டி, மாமியார் பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் ஓர் அட்டை செய்வாள். அந்த நாளில் பார்த்துக் கடையில் அவளுக்கு வேலை நெரிக்கும். "குடுடி, நான் போற வழிதானே, அத்தைகிட்ட குடுத்துடறேன்" என்று பெரியவள் வாங்கிக்கொண்டு போவாள். முதல் தடவை, "அட, நீயா பண்ணே?" என்று மாமியார் கேட்டதற்கு அவள் சும்மா சிரித்தாளாம். அடுத்த தடவை, "ஏதோ எனக்கு வந்தபடி பண்ணேன் அத்தை" என்றாளாம். ஒரு மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களை எல்லாம் சிரித்தே சமாளிக்கிறவள் பெரியவள். அவள் வாய்க்குச் சொல்லியா தர வேண்டும்.

இதெல்லாம் சின்னவளுக்குப் புருஷன் வழியாகத்தான் தெரிய வந்தது. அவனோ பெரிய ஞானி. "விடும்மா, ஒரு அட்டைதானே" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டான்.

ஒருமுறை வாய் விட்டும் பார்த்தாள். மாமியார் வீட்டில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அத்தை, அந்த அட்டை நான்..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் பெரியவள் உள்ளே புகுந்து, "ஆமா அத்தை, பேப்பர் வாங்கிக் குடுத்தது சின்னவதான். பாவம், அலைஞ்சு வாங்கினா" என்றாள். மாமியார் சின்னவளைப் பார்த்து மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். பேப்பர் வாங்கிக் கொடுத்தவள் என்ற பட்டத்தோடு சின்னவள் அன்றைக்கு வீடு திரும்பினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

போன வருஷத்து அட்டையை மாமியார் வீட்டு அலமாரியில் பார்த்துவிட்டுத்தான் நூலகத்தம்மா வகுப்பு நடத்தக் கூப்பிட்டிருக்கிறார். அவரும் மாமியாரும் காலையில் சேர்ந்து நடக்கிறவர்கள். அந்த மாடி அறையை சின்னவள் எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறாள். நீள மேசை, பெரிய ஜன்னல், ஓரத்தில் கை கழுவத் தொட்டி. இங்கே உட்கார்ந்து பத்துப் பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்ததும் உண்டு. போய்க் கேட்கக் கூச்சம். கூச்சப்பட்டவளுக்குக் கதவு, கூசாதவளுக்கு மாடி அறை.

அந்த வாரமே பெரியவள் வந்தாள். வாயெல்லாம் பல். கையில் பழம். அவள் பழத்தோடு வந்தால் காரியத்தோடு வந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

"என்னடி பண்றே? உன்ன பாக்கணும்போல இருந்துச்சு."

"உக்காருங்கக்கா."

பெரியவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"நூலகத்தம்மா ஏதோ ஆசைப்பட்டு என்னைக் கேட்டுட்டாங்க. நானும் சரின்னுட்டேன். பேரெல்லாம் போட்டுட்டாங்க, இப்போ எப்படி வேணாங்கறது? அத்தை பிறந்தநாளுக்கு அவங்களும் வர்றாங்களாம். எல்லார் முன்னாடியும் ஒரு அட்டை செஞ்சு காட்டுன்னு அத்தை சொல்லிட்டாங்க. ஒரு தடவ சொல்லிக் குடுடி. நீதான் விளையாட்டா செஞ்சுடுவியே, பெரிய வித்தையா என்ன?"

பெரிய வித்தையா என்ன. திருடியதோடு விட்டிருந்தால்கூட சின்னவள் விழுங்கியிருப்பாளோ என்னவோ; விழுங்கி விழுங்கிப் பழகியவள்தானே. திருடிய பொருள் ஒன்றுக்கும் உதவாதது என்று அவளிடமே வந்து சொன்னதுதான் தாங்கவில்லை. உள்ளே அத்தனை நாள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக எழுந்து நின்றது.

"அதுக்கென்னக்கா, சொல்லித் தர்றேன்" என்றாள். குரல் தேனாக இருந்தது.

பெரியவள் கெட்டவள் இல்லை, அவளுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்னவளுக்கு அன்றைக்கு அந்த நியாயத்தைத் தேடிப் போக நேரமும் இல்லை, மனசும் இல்லை. நாமும் போக வேண்டாம்.

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, தாளை விரித்து, பாடம் ஆரம்பித்தாள். ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தாள். அச்சை மையில் தட்டித் தட்டி எடுக்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. தாளில் வைத்த பிறகு ஆட்டக் கூடாது. உள்ளங்கையால் ஒரே அமுக்கு, நேராக மேலே தூக்கு. காய விடு. பிறகு இதழுக்குள் வெறும் தண்ணீரைத் தடவு. அது பளபளவென்று இருக்கும்போதே இதழின் நுனியில் துளி ரோஸ் நிறம் வை. நிறம் தானாக உள்ளே நகர்ந்து போகும், நீ துரத்தாதே.

பெரியவளின் முதல் பூ கோணலாக வந்தது. இரண்டாவது பரவாயில்லை. அதற்கடுத்தது நிஜமாகவே அழகாக இருந்தது. கறுப்புக் கோடு கோடாகவே நின்றது, ரோஸ் நிறம் அதற்குள் அடங்கிக் கிடந்தது.

"பாத்தியா! கை வந்துடுச்சு!" என்று பெரியவள் குதித்தாள். "இதுக்குப் போய் பயந்தேன் பாரு."

"உங்களுக்கு வராதாக்கா? நீங்க ஒண்ணும் தூக்கிட்டு அலைய வேணாம். அச்சு, மை, பிரஷ், கலர் எல்லாம் ஒரு டப்பாவுல போட்டு அன்னிக்கு நானே எடுத்துட்டு வர்றேன்."

பெரியவள் அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். கிள்ளிய இடம் ரொம்ப நேரம் எரிந்தது.

மை விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அச்சு போடுகிற கறுப்பு மையில் இரண்டு வகை. ஒன்று காய்ந்தால் காய்ந்ததுதான். மேலே தண்ணீரை ஊற்றினாலும் அசையாது. இன்னொன்று காய்ந்த மாதிரி நடிக்கும். ஈரப் பிரஷ் பட்டதும் கரைந்து ஓடிவிடும். அட்டையின் உள்பக்கம் எழுத்து அச்சு போட மட்டும் சின்னவள் அந்த இரண்டாவதை வைத்திருந்தாள். அங்கே தண்ணீருக்கு வேலை இல்லை. இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே மாதிரி கறுப்புப் பெட்டி. அடிப்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால்தான் எது எது என்று தெரியும். பாடத்துக்கு நிற்கிற மையைக் கொடுத்தாள். டப்பாவுக்குள் கரைகிற மையை வைத்தாள். வைத்து மூடியபோது அவள் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

பிறகு நிற்கிற மையை எடுத்து, தனக்கென்று ஓர் அட்டை செய்தாள். இதுவரை செய்ததிலேயே அதுதான் நல்ல அட்டை. ஒரு பெரிய பூ, அதன் பின்னால் பாதி மறைந்து இன்னொரு பூ, சாம்பல் கலந்த பச்சையில் இலைகள். பழி வாங்குகிற கைக்கு இத்தனை மென்மை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பெரியவள் மண்ணைக் கவ்வியதும் கைப்பையிலிருந்து இதை எடுத்து மாமியார் கையில் கொடுக்க வேண்டும். எல்லோரும் இதையும் பார்ப்பார்கள், அதையும் பார்ப்பார்கள். அப்புறம் நூலகத்தம்மா தன்னைத் தேடி வர எத்தனை நேரம் ஆகும்? இதையே நினைத்து நினைத்து அந்த வாரம் முழுவதும் கடையில் தனியாகச் சிரித்தாள்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மாமியாரின் முன்னறை நிறையக் கூட்டம். அவர் முன்னாளில் கணக்கு டீச்சர். நாற்காலிகளைக்கூட வரிசை பிடித்துப் போட்டிருந்தார். கூட நடக்கிற தோழிகள், அவருடைய தங்கை, முதல் வரிசையில் நூலகத்தம்மா. கேக் வெட்டியாயிற்று. மேசை மேல் சின்னவள் கொண்டுவந்த டப்பா. சின்னவள் கடைசி வரிசையில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் இரண்டாவது துண்டு கேக்கோடு.

பெரியவள் டிவியில் சமையல் செய்து காட்டுகிறவளைப் போலச் சிரித்துக்கொண்டு ஆரம்பித்தாள். "இது ரொம்ப பொறுமை வேணுங்கற வேலை. நான் வேலை முடிஞ்சு வந்ததும் இதோட உக்காந்துடுவேன். மனசுக்கு ஒரு நிம்மதி." சின்னவள் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் அவள் சொந்த அனுபவமாக வெளியே வந்தன. "பாருங்க, ஆட்டக் கூடாது. ஒரே அமுக்கு. நேரா மேல."

அச்சு எழுந்தது. தாளில் பூ கறுப்பாக, கூர்மையாக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நூலகத்தம்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். மொட்டு, இலை என்று மளமளவென்று பதித்து, ஹேர் டிரையரால் உலர்த்தி, "இப்போதான் வேடிக்கையே" என்று பெரியவள் பிரஷைத் தண்ணீரில் முக்கினாள்.

சின்னவள் கைப்பையின் ஜிப்பை மெதுவாகத் திறந்தாள்.

பிரஷ் இதழைத் தொட்டது. கோடு ஒரு கணம் நின்று, பிறகு விட்டுக் கொடுத்தது. கறுப்பு உள்ளேயும் ஓடியது, வெளியேயும் ஓடியது. பெரியவள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைத்தாள். அது பக்கத்து இதழையும் கூட்டிக்கொண்டு ஓடியது. ரோஸ் நிறம் வைத்துச் சரிக்கட்டப் பார்த்தாள். ரோஸும் கறுப்பும் கலந்து அடிபட்ட முழங்காலின் நிறம் வந்தது. காகிதக் கைக்குட்டையால் ஒற்றினாள். பூ இருந்த இடத்தில் ஓர் அழுக்குத் திட்டுதான் மிஞ்சியது.

"அது என்ன, மேகமா?" என்று கேட்டார் தோழிகளில் ஒருவர், நிஜமான அக்கறையோடு.

யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம். பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை பேரைச் சிரித்தே சமாளிக்கிறவளுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னவளுக்கு ஜில்லென்று இருந்தது. உள்ளங்கால் வரைக்கும் ஜில்லென்று. இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் தன் கல்யாணத்தில்கூட அனுபவித்ததில்லை. பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்தவனைப் பார்த்தால் அது புரியும்.

எழுந்தாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மாமியாரிடம் நீட்டினாள்.

"அத்தை, வருஷா வருஷம் உங்களுக்கு நான் செய்யற அட்டை. இந்த தடவ என் கையாலேயே குடுக்கறேன்."

மாமியார் அட்டையைப் பார்த்தார். பெரியவளைப் பார்த்தார். பெரியவள் தரையைப் பார்த்தாள். கணக்கு டீச்சருக்கு விடை கிடைக்க அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அட்டையை நூலகத்தம்மாவிடம் கொடுத்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். மேசையிலிருந்த அச்சை எடுத்து, அட்டையில் இருந்த பூவோடு வைத்துப் பார்த்தார்.

"அலமாரியில பாத்ததும் நீ செஞ்சதாம்மா?"

"எல்லாமே நான் செஞ்சதுதான்."

"அச்சுகூடவா?"

"அழிரப்பர்ல நானே வெட்டினது."

நூலகத்தம்மா பெருமூச்சு விட்டார். "நான் தப்பான ஆளைப் பிடிச்சிருக்கேன். சனிக்கிழமை காலைல உனக்கு லீவு கிடைக்குமா?"

இந்தக் கேள்வியைத்தான் சின்னவள் வாரம் முழுக்க மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் பெரியவள் வெடித்தாள்.

"அவ சொன்ன மாதிரியேதான் செஞ்சேன்! ஒண்ணுகூட மாத்தல! அவ வீட்டுல செஞ்சப்போ கரையவே இல்ல. டப்பாவை எடுத்துட்டு வந்தது அவதான், கேளுங்க! மையை அவதான் வெச்சா!"

நூலகத்தம்மா வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தேதி முத்திரை குத்தி வந்தவர். மைப் பெட்டியைத் திறந்து, ஈர விரலால் தொட்டு, ஒரு துண்டுத் தாளில் தேய்த்தார். பிறகு பெட்டியைத் திருப்பி அடியில் இருந்ததைப் படித்தார். சின்னவளின் அட்டையை மறுபடி எடுத்து, அதன் கோட்டில் அதே ஈர விரலை வைத்துத் தேய்த்தார். கோடு அசையவில்லை.

"இது நிக்குது. அது ஓடுது" என்றார். "எது நிக்கும், எது ஓடும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லேன்னா இந்த அட்டையை இவ்வளவு நல்லா செஞ்சிருக்க முடியாது. அப்போ இவளுக்கு ஏன் அதை வெச்சே?"

சின்னவள் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. தன் கெட்டிக்காரத்தனத்துக்குச் சாட்சி என்று கொண்டுவந்த அட்டையே எதிர்த்தரப்புச் சாட்சியாக மாறும் என்று எந்தத் திட்டத்தில் இருந்தது?

அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் புருஷன் உதவிக்கு வந்தான். "மைப் பெட்டி மாறிப் போயிருக்கும். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், வீட்டுல நான் பாத்திருக்கேனே. அவசரத்துல மாத்தி எடுத்திருப்பா. இல்லம்மா?"

அருமையான பதில். நூலகத்தம்மா முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அவருக்கும் அதை நம்ப ஆசை என்று தெரிந்தது. ஒரு தலையாட்டல் போதும். மாடி அறை, நீள மேசை, பெரிய ஜன்னல், அறிவிப்பில் கொட்டை எழுத்தில் அவள் பெயர். எல்லோரும் அவள் தலை அசைவதற்காகக் காத்திருந்தார்கள்.

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளும் அந்தத் தலையாட்டலுக்காகவே காத்திருந்தாள். மை மாறிப் போச்சு, பாவம், அவ என்ன பண்ணுவா என்று நாளைக்கு எல்லோரும் சொல்வார்கள். கொஞ்ச நாளில் பெரியவளே அதைச் சிரித்துக்கொண்டு சொல்வாள். நடந்தது ஒரு தவறுதல் ஆகிவிடும். யாரும் யாருக்கும் செய்யாத ஒன்று.

ஆனால் இதைச் செய்தது அவள். எந்த மை எப்போது ஓடும் என்று தெரிந்து, எங்கே கை தட்டுவார்கள், எங்கே தட்டுவதை நிறுத்துவார்கள் என்று கணித்து, ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது. செய்த அட்டைகளெல்லாம் பேர் இல்லாமல் போயின. இதையும் அப்படி விட அவளுக்கு மனசு வரவில்லை.

"மைப் பெட்டி மாறல" என்றாள். "நான்தான் மாத்தி வெச்சேன். கரையும்னு தெரிஞ்சுதான் வெச்சேன்."

"ஏய்!" என்றான் புருஷன்.

"நல்லா யோசிச்சுத்தான் பண்ணேன்" என்றாள் சின்னவள், யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதென்று.

நூலகத்தம்மா அட்டையை மேசை மேல் வைத்தார், மெதுவாக, ஓரம் மடங்காமல். "உன் கை ரொம்ப நல்ல கை" என்றார். "ஆனா சொல்லிக் குடுக்கறவகிட்ட நம்பி வந்து உக்காருவாங்கம்மா." பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் கண்ணாடிக் கதவில் அந்த அறிவிப்பு இல்லை.

பெரியவள் ஒரு மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். இரண்டு தோழிகள் அவள் தோளைத் தடவிக் கொடுத்தார்கள். சின்னவளைத் தடவிக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அவள் தொட்டியில் பிரஷ்களைக் கழுவினாள். கறுப்புத் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வருத்தமாக இருந்தது, அதை மறைப்பானேன். மாடி அறை போனதற்கு வருத்தம். செய்ததற்கு இல்லை.

மாமியார் இரண்டு அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் பக்கம் பக்கமாக நிறுத்தினார். பூ ஒன்று, திட்டு ஒன்று. பிந்தி வந்த பக்கத்து வீட்டுக்காரி, "அடடா, இந்தப் பூ அழகா இருக்கே! இது யார் செஞ்சது?" என்று கேட்டாள்.

"சின்னவ" என்றார் மாமியார்.

"சரி, பக்கத்துல இது என்ன, இப்படி இருக்கு? இது யார் செஞ்சது?"

மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதுவும் அவதான்" என்றார்.